மட்டையைத் தாண்டி

எங்கள் தீவின் கேம்பல் பே பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் சாம்பார் அண்டாவை ஒண்டியாகத் தூக்கினாள். அதோடு சரி. இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்று போர்ட் பிளேர் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஒரு மாதமாகியும் சுவரைப் பிடித்தே நடந்தாள். அப்பா பயந்துபோய், மெயின்லேண்டில் மாமா வீட்டுக்கு அனுப்ப டிக்கெட் எடுத்துவிட்டார். நான் இங்கேயே படிக்க வேண்டுமாம்.

"கப்பல் ஜெட்டி வரைக்கும் நானே நடந்து வந்துட்டா?" என்றாள் அம்மா.

"வந்துட்டா டிக்கெட்டைக் கிழிச்சுடறேன்."

அப்பா பேச்சுக்குச் சொன்னார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையில் நானும் கூடப் போவேன். அவள் திரும்பும் இடத்தில் ஒரு தென்னை மட்டையைப் போடுவேன். மறுநாள் அதைத் தாண்டியே தீருவாள். கால் வரை வலி இழுக்கும், பல்லைக் கடித்துக்கொள்வாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மட்டையை வீட்டுப் பக்கமாக இழுத்துப் போட்டேன். மறுநாள் சுலபமாகத் தாண்டினாள்; என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் இழுத்தேன். இப்படியே போனால் ஜெட்டி எப்போது வரும் என்ற கணக்கு என் மண்டையில் ஏறவேயில்லை.

கப்பல் நாளன்று, வேண்டியவர் வந்தாலும் வராவிட்டாலும் ஊரே ஜெட்டிக்குப் போகும். நடந்தே வருகிறேன் என்று அம்மா சொல்லிவிட, அப்பா பெட்டியோடு ஆட்டோவில் முன்னே போய்விட்டார். அம்மா மட்டையைத் தாண்டினாள், நிற்கவில்லை.

"அம்மா, மட்டை இங்கதான் இருக்கு."

"இருக்கட்டும், வா."

இவ்வளவு தூரம் எப்படிப் போவாள் என்று எனக்கு அழுகை வந்தது. அவளோ நடந்துகொண்டே இருந்தாள். ஜெட்டி வாசலில் சர்தார் கடைக்காரம்மா நாற்காலியோடு காத்திருந்தார். "ஆஜ் பி பைதல், தீதி?" இன்றைக்கும் நடைதானா என்று கேட்டார்.

"நிக்கிறதுதான் இப்ப சுகம்" என்றாள் அம்மா, நாற்காலியில் உட்காராமல்.

அப்பா அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். சொன்னபடி டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்.

வழியில் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். "அந்த மட்டையை எடுத்துட்டு வா. அடுப்புக்காவது ஆகும். தினமும் இழுத்து இழுத்து உனக்குத்தான் கை வலிச்சிருக்கும்."

மாட்டிக்கொண்ட வெட்கம்தான் எனக்கு அன்று தெரிந்தது. நான் பள்ளிக்குப் போனபின் தனியே கிளம்பி அவள் தினமும் நடந்து தீர்த்த தூரம் அன்று தெரியவில்லை. காலையில் மட்டையைத் தாண்டிவிட்டுச் சிரித்ததெல்லாம் எனக்காக என்பதும் வெகுநாள் கழித்தே புரிந்தது.