தின்னர் ஊற்றிய தரையில் தீப்பெட்டி

படப்பையில் நாங்கள் வாடகைக்கு விடும் மாடி வீட்டுக்கு மகன் மரத்தரை போட்டிருக்கிறான். குடியிருந்த கம்பெனி ஆபீசர் காலி செய்தபோது, அதன்மேல் ஒட்டியிருந்த கார்ப்பெட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார். பசை மட்டும் கறுப்பாய் நின்றுவிட்டது. மறுநாள் புதுக் குடித்தனக்காரர் பால் காய்ச்ச வருவதாக இருந்தது. “ஆள வச்சு எடுக்கலாம் அத்தே” என்றாள் மருமகள். “இந்தக் கைக்குப் போகாத கறையா?” என்றேன்.

சுரண்டினேன், சோப்புத் தண்ணி போட்டேன், அசையவில்லை. பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னரை டின்னோடு கவிழ்த்துத் தேய்த்தேன். புழுதி வராமலிருக்க ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தேன். பசை இளகியது. கூடவே பாலிஷும் வெள்ளை வெள்ளையாய் உரிந்தது. தலை சுற்றியது. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று அழுதுகொண்டே, திருஷ்டி கழிக்கக் கற்பூரம் எடுத்து வந்து தீக்குச்சியை உரசப் போனேன்.

“அத்தே, வூட்டையே கொளுத்தப் போறீங்களா? இன்னா நெடி அடிக்குது, தெரியல?”

மருமகள் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே இழுத்தாள்.

குடித்தனக்காரரிடம் நானே போய், தரைக்கு மறுபடி பாலிஷ் போட ஒரு வாரம் பொறுத்துக்கச் சொன்னேன். அப்படி யாரிடமும் நான் போய் நின்றதில்லை. இப்போது மரத்தரையில் எதைப் போட்டாலும் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். தின்னர் நெடி போகும்வரை விளக்குகூட ஏற்றுவதில்லை. மருமகள் ஆள் வைக்கலாம் என்றால், சரி என்கிறேன்.