மூன்று முறை மாற்றிய ஸ்பிரிங்

உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நம் ஜீப் ஆசைத்தம்பி போன் செய்தார். "பாய் பூட்டாரு சார்" என்றார். கூடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்த சாவு அவ்வளவாக வலிக்காது என்று சொல்பவர்கள் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை என்று நினைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பெயிண்ட் கடை வைத்திருந்த சாதிக் பாயை உங்களில் பலருக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு சேர்த்துத்தான் தெரியும். ஞாயிறு காலைகளில் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு இறங்கும் நம் வண்டிக் கூட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். அவரைக் கொண்டுபோனது முதுகெலும்பில் வந்த புற்றுநோய். அந்த நோயின் வலியை ஏறக்குறைய இரண்டு வருடம் காரின் ஸ்பிரிங் மீது போட்டுவிட்டு, நாம் எல்லோரும் நல்ல ஸ்பிரிங் தேடிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது துக்கத்தோடு கோபமும் வருகிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காரைப் புதுச்சேரியில் பழையதாக வாங்கினார். இரண்டே சீட்டு, திறந்து மூடும் கூரை. செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியது, மாற்று சாமான் எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் காயில் ஓவர் போடலாம் என்ற பேச்சு வந்தது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே சாமானாக வரும். மரையைத் திருகி வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்லவை யானை விலை. நம் கைக்கு எட்டுபவை வேறு கனமான கார்களுக்குச் செய்தவை. அவற்றில் எந்த ஸ்பிரிங் இந்தச் சின்ன காருக்குச் சரிவரும் என்பதுதான் கேள்வி. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதை வைத்து அதன் கெட்டித்தனத்தைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது.

கணக்குக்கு எடை வேண்டும். ரைஸ்மில் எடை மேடையில் முதலில் காரின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை போட்டோம், பிறகு முழுக் காரையும் போட்டோம். ஓட்டுபவர் எடையும் சேர வேண்டும் என்று பாயை ஸ்டீயரிங் பின்னால் உட்காரவைத்தேன். அப்போது ஆள் நல்ல கனம். பின்னால் நெல் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. "யோவ் பாய், உன்ன எட போடணும்னா கறிக்கடைக்குப் போயேன்யா" என்று ஒரு டிரைவர் கத்தினார். "கறிக்கடையில எலும்ப தனியா எடுத்துடுவான்யா. இங்கதான் மொத்தமா போடுறாங்க" என்றார் பாய். மில்லில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

முன்பக்கம் நான்கு கிலோ, பின்பக்கம் மூன்று போதும் என்று நான் சொன்னேன். அவர் வாங்கியது எட்டு. "ஸ்போர்ட்ஸ் காரு சார் இது. சொகுசு வேணும்னா வைக்கோல் வண்டியில குந்திக்கினு போலாம்" என்றார். மலிவான செட்டில் ஷாக் அப்சார்பர் அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்கை அடக்காது. கச்சிராயபாளையம் சாலையில், கரும்பு டிராக்டர்கள் உழுதுபோட்ட பள்ளங்களில், கார் ஓடவில்லை, குதித்தது. சில வாரத்தில் முதுகு வலிக்கிறது என்றார். நாமெல்லாம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் இருக்கிறதா? "எட்டு கிலோ பாய் முதுக ஒடச்சிடுச்சி" என்று வெள்ளிமலை டீக்கடையில் ஆரம்பித்த கிண்டல், கார் இறங்கி ஊர் வரும்வரை நிற்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்து ஐந்து கிலோ போட்டார். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று மரையைத் திருகிக் காரைத் தரையோடு இறக்கிவிட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, அடியில் இருந்த ரப்பரில் போய் இடித்தது. வலி அதிகமாகிவிட்டது என்றார். மறுபடியும் எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. உயரம் போதவில்லை, அதனால் இடிக்கிறது, அதனால் முதுகு வலிக்கிறது. கணக்குப்படி எல்லாம் சரி. ஸ்பிரிங் மாட்டிக்கொடுத்த உளுந்தூர்பேட்டை மெக்கானிக்கும் அதையே சொன்னார். பாய் தன் கடையில் பெயிண்ட் டின் தூக்குவதை நிறுத்தியிருந்தார். அதற்கும் காரையே திட்டினார்.

மூன்றாவது முறைதான் என் கணக்குப்படி போட்டார். நான்கும் மூன்றும், உயரமும் தேவையான அளவு. அந்த ஞாயிறு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது அந்தக் கார் ஓடிய ஓட்டத்தை நான் என்றும் மறக்க மாட்டேன். பள்ளத்தில் சக்கரம் இறங்குவது தெரிந்தது, நம் உடம்புக்கு எதுவும் வரவில்லை. வளைவுகளில் சாயாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னா பாய், எப்படிக் கீது?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால் காலைக் குளிரில் அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. ஒரு மரவள்ளிக் காட்டு ஓரமாக நிறுத்தினார். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"காரு நல்லா கீது சார்" என்றார். "காருல ஒன்னுமே இல்ல."

கதவைத் திறந்து அவரால் தனியாக இறங்க முடியவில்லை. நான் சுற்றி வந்து தூக்கி, என் இடத்தில் உட்காரவைத்து, மலையிலிருந்து காரைக் கீழே ஓட்டிவந்தேன். அதுதான் நான் ஒரே ஒரு முறை அந்தக் காரை ஓட்டியது.

புதுச்சேரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், வலி எப்போதிலிருந்து என்று கேட்டார். "மொத ஸ்பிரிங் மாத்துனதுலேருந்து" என்றார் பாய். டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்த டாக்டர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

வெளியே வராந்தாவில் பாயின் மனைவி நூர்ஜஹான் நின்றிருந்தார். "ராவுல பொரண்டு படுக்க மாட்டாரு சார். தொழுவ குனிஞ்சா எந்திரிக்க மாட்டாரு. கேட்டா காரு குலுக்குச்சின்னுவாரு. படுக்கையில எந்த காரு சார் குலுக்குது?" என்றார். என்னிடம் மட்டுமில்லை, நம் எல்லோரிடமும் கேட்ட கேள்வி அது.

பாயின் கடைசி மாதத்தில் ஒருநாள் வீட்டில் அவரோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் ஆள் இருப்பதே போர்வையைப் பார்த்தால் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்: "படுத்தாலும் வலிச்சிருக்கே பாய். காரு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்றார். மூச்சு வாங்கிவிட்டுப் பிறகு சொன்னார்: "ரெண்டாவது மாத்தும்போதே தெரியும். ஸ்பிரிங்கா இருந்தா மாத்திடலாமேன்னுதான்..."

அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. பயந்த மனிதரை எப்படித் திட்டுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு நாம் வெள்ளிமலையில் கூடினோம். ஆசைத்தம்பி இடது கையை உருவிவிட்டுக்கொண்டே, ஜீப் ஸ்டீயரிங் இழுத்து இழுத்துக் கை கொஞ்ச நாளாகக் குடைகிறது என்றார். பவர் ஸ்டீயரிங் போட்டால் சரியாகிவிடும் என்று உங்களில் ஒருவர் ஆரம்பித்தீர்கள். எங்கே கிடைக்கும் என்று இன்னொருவர் சொன்னீர்கள். நான் பேச்சை முடிக்க விடவில்லை. ஆசைத்தம்பியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்கவிடாமல், அவரை ஜீப்பில் ஏற்றி நேராகக் கள்ளக்குறிச்சிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். "உனுக்கு இன்னா சார் பைத்தியமா புடிச்சிருக்கு? கை வலிக்கு ஆஸ்பத்திரியா?" என்று மலை இறங்கும்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

சாதிக் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பொறுமையில்லாத்தனம் ஒன்றுதான். அதை விடப்போவதில்லை. ஆசைத்தம்பியின் கையிலும் ஒன்றுமில்லை, நெஞ்சிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி ஆசைத்தம்பி என்னைக் கேலி செய்வார். செய்யட்டும். கேலி செய்ய ஆள் இருந்தால் போதும்.