நடுமிதி அம்மாவும் ஆறுச்சாமியின் மதிலும்

போன புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறுச்சாமி அண்ணன் போன் செய்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சிங்காநல்லூரில் கமலவேணி அம்மாவுக்கு எதிர்வீடு. எடுத்த எடுப்பில், "நடுமிதி போயிருச்சுங்க" என்றார்.

நான் பழைய கார்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். எனக்கு வேறெப்படிப் புரியும்? "கம்பி அந்துபோச்சுங்களா, இல்ல ஸ்பிரிங்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியலீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே நின்னுபோச்சுங்க."

"அங்கயே ஓரமா நிறுத்தி வெச்சிருங்கண்ணா. கவுறு எடுத்துட்டு இப்ப வாரேன்."

 "ஏனுங்க, நான் வண்டியச் சொல்லலீங்க. அம்மணியச் சொல்றனுங்க" என்றார்.

நம் ஊர்ப் பேச்சில் இருக்கிற வில்லங்கம் இது. வயதான அம்மாக்களைப் பிரியமாகச் சொல்லும்போது 'வந்துச்சு, போச்சு' என்றுதான் வாயில் வரும். வண்டிக்கும் அதேதான். கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் மரியாதை கேட்கிறவருக்கு வந்து சேர்ந்துவிடும். போனது யார் என்பது மட்டும் தெரியாது. போனை வைத்துவிட்டு, கையில் எடுத்த கயிற்றோடு ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா இருந்திருந்தால் இந்தக் கூத்தைக் கேட்டு ஒரு வாரம் சிரித்திருப்பார் என்று தோன்றியதும் இன்னும் அதிகமாக அழுதேன்.

நம் பழைய கார்க் குழுவில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் இந்த நினைவு மலர் இன்று மாலை இரங்கல் கூட்டத்துக்கு வரும் உறவுக்காரர்கள் கைக்கும் போகிறது. அவர்களுக்காக, கமலவேணி அம்மாவுக்கு நாங்கள் வைத்த 'நடுமிதி' என்ற பட்டப்பெயரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காருக்கு வேகம் கூட்டுகிற வேலை ஆரம்பத்தில் கைக்குத்தான் இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதைத் தள்ளினால் வண்டி வேகம் எடுக்கும். பிறகு அந்த வேலையைக் காலுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்களே தவிர, மிதியை எங்கே வைப்பது என்று கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசவில்லை. அவனவன் இஷ்டத்துக்கு வைத்தான். கமலவேணி அம்மாவின் அப்பா, ஊட்டி எஸ்டேட்டை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய காரில் இடது ஓரம் கிளட்ச், வலது ஓரம் பிரேக், நடுவில் ஆக்ஸிலரேட்டர். இன்றைய கார்களில் நடுவில் இருப்பது பிரேக். அதாவது இன்றைக்கு ஓட்டுகிற யாரும் அந்தக் காரில் ஏறி நிறுத்த நினைத்தால் வண்டி பாயும்.

அம்மா பதினெட்டு வயதில் அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றார். எழுபத்தெட்டு வயது வரை வேறெதையும் ஓட்டவில்லை. நான் முதல்முறை அந்த மிதிகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தபோது சொன்னார்: "இதுல என்னங்க கொழப்பம்? ரோட்டுல நடுவுல ஓடோணும், ஓரத்துல நிக்கோணும். காலுக்கும் அதேதானுங்க."

மகன் செந்திலின் புதுக் காருக்கு அவர் வைத்த பெயர் 'தப்புக் காரு'. அதில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மகனுடைய காலைப் பார்க்கவே மாட்டார். ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தப்புத் தப்பா மிதிக்கறானுங்க. வண்டி என்னமோ பாவம், அனுசரிச்சு நின்னுக்குது" என்றார்.

இனி அந்த மதில் கதை. உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கு வருடங்களுக்கு முன்பு, வயதான காலத்தில் அம்மாவுக்குக் கால் தடுமாறி, கார் ஆறுச்சாமி அண்ணன் வீட்டு மதிலை இடித்தது. அப்படித்தான் ஊருக்குத் தெரியும். நேற்றுக்கூடச் செந்தில் என்னிடம், "எப்பேர்ப்பட்ட கால், அந்த ஒரு நாளு மட்டும் சறுக்கிருச்சுங்க" என்று கண் கலங்கினார்.  அந்தக் கால் சறுக்கவே இல்லை.

நடந்தது இது. அம்மா ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் சென்னிமலைக்குப் போயிருந்தார். செந்தில் காரை என் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, "இந்தக் காலத்து வண்டியாட்ட மாத்திப்போடுங்க. அவசரத்துக்கு நாங்களும் எடுக்கோணுமல்லங்க" என்றார். மிதியை மாற்ற அம்மா ஒருநாளும் சம்மதித்ததில்லை என்று எனக்குத் தெரியும். "அம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டேன். "சொல்லிப்போடறனுங்க" என்றார். நான் பிரேக்கை நடுவுக்கும் ஆக்ஸிலரேட்டரை வலது ஓரத்துக்கும் கொண்டுவந்தேன். வலது ஓரத்துக்குப் புதிதாக ஒரு மிதியே செய்தேன். பழைய ரப்பரையே எடுத்து ஒட்டினேன். எனக்குத் தொழில் சுத்தம் முக்கியம். குனிந்து பார்த்தாலும் தெரியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்து தொலைத்தேன்.

செந்தில் அம்மாவிடம் சொன்னாரா என்றால், சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, பெடல்ல சின்ன வேலை பாத்திருக்குதுங்க." பெற்ற தாயிடம் இதற்கு மேல் முகத்துக்கு நேராகச் சொல்ல நம் ஊர்ப் பிள்ளைக்கு நாக்கு வராது. மகனைச் செல்லமாகச் 'சாமி' என்றே கூப்பிடும் அம்மாவும், "சரிங்க சாமி" என்றார். எண்ணெய் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அவர்கள் வீட்டு ஷெட்டிலிருந்து தெருவுக்கு நல்ல சரிவு. எதிரே ஆறுச்சாமி அண்ணனின் மதில். ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டால் வண்டி தானாக இறங்கும். யார் எடுத்தாலும் காலுக்கு முதலில் தேவைப்படுவது பிரேக்தான். அம்மா ஐம்பத்தாறு வருடப் பழக்கத்தில் வலது ஓரத்தை மிதித்தார். வண்டி பாய்ந்தது. நிற்கவில்லையே என்று இன்னும் பலமாக மிதித்தார். ஹாலோ பிளாக் மதில், அப்படியே உள்ளே சாய்ந்தது.

ஆறுச்சாமி அண்ணன் வாசலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் முப்பது வருடக் கண்டக்டர் பழக்கத்தில் "ஹோல்டான்!" என்று கத்தினார். கார் நின்றது, மூக்கு அவர் வாசலில், பின்பக்கம் தெருவில். அடுத்த நொடி, வீட்டுக்குள் வந்தவரை வரவேற்காமல் இருக்கக் கூடாதே என்று தட்டோடு எழுந்து, "வாங்க அம்மணி, வாங்க" என்றார்.

காருக்குள்ளிருந்து அம்மா, "வாரனுங்க. கதவு தொறக்க மாட்டேங்குது, இருங்க" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அந்த வீட்டுக் கட்டிலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. தெருவே கூடியிருந்தது. செந்தில் முகம் வெளுத்து, "நான் சொன்னனே அம்மா, பெடல்ல வேலை பாத்திருக்குதுன்னு" என்றார். அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"சொன்ன சாமி, நீ நல்லாத்தான் சொன்ன. எனக்குத்தான் கால் தடுமாறிருச்சு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "தம்பி, வண்டியக் கொண்டுபோயி நிமித்துங்க. அப்படியே என்ர காலுக்குப் பழகுன மிதிய அதும் எடத்துலயே வெச்சிருங்க. செந்திலுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். தப்பு என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "உங்க பேரு ஒர்க்‌ஷாப் போர்டுல இருக்குதுங்க. என்ர பேரு எங்க இருக்குது? ரேஷன் கார்டுல. அங்க வந்து யாரும் பாக்கப் போறதில்லீங்க." பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அதுவுமில்லாம, அம்மாவ நாமளே செவுத்துல முட்ட உட்டுட்டோம்னு தெரிஞ்சா செந்திலுக்குச் சோறு எறங்காதுங்க. பயந்த பையன்" என்றார். அந்தப் பயந்த பையனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

பயந்த பையன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதை அம்மா எதிர்பார்க்கவில்லை. நான் மிதியைப் பழையபடி நடுவில் வைத்துக் காரைக் கொண்டுவந்து விட்டேன். மூன்று மாதம் அது ஷெட்டில் கிடந்தது. அம்மா தினமும் போய் டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று ஆறுச்சாமி அண்ணன் சொன்னார். எனக்கு அந்தத் தெரு வழியாகப் போகவே மனசில்லை.

பிறகு ஒரு நாள், மதுக்கரையிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். ஓட்டிக் காட்டுகிறேன் என்று செந்தில் தானே ஏறினார். மிதியை நான் திரும்ப மாற்றியது அவருக்குத் தெரியாது. அவர் ஏறப்போவது எனக்குத் தெரியாது. சரிவில் வண்டி இறங்கியது. செந்தில் நடுவில் மிதித்தார்.

மதிலுக்குப் பூச்சு முடிந்து, பெயின்ட் அடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறுச்சாமி அண்ணன் இந்த முறை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்றார்.

"பிரேக்கத்தான் மிதிச்சனுங்க, சத்தியமா பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்று செந்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். மோதினவன் எல்லாம் சொல்கிற பேச்சுத்தானே என்று யாரும் காதில் வாங்கவில்லை. மதுக்கரைக்காரர் வந்த வழியே போனார். அம்மா வாசலுக்கு வந்து, இடிந்த மதிலையும் மகனையும் பார்த்துவிட்டு, "உனக்குமா சாமி கால் தடுமாறிருச்சு?" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் சாவி அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு வருடம், ஒரு கீறல் விழாமல் ஓட்டினார். 'எங்கம்மா எழுவது வயசுக்கு மேல புது பெடலுக்குப் பழகிக்கிச்சு' என்று செந்தில் சொல்லிப் பெருமைப்படாத இடமில்லை. பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அம்மா அப்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பார்.

"எப்பத்தானுங்க சொல்றது?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் போனதுக்கப்புறம் சொல்லிப்போடுங்க தம்பி. அப்ப அவனுக்கு அழுகறதுக்கு வேற காரணம் இருக்கும். இது பெருசாத் தெரியாது" என்றார்.

அந்த வேலையைத்தான் இப்போது செய்கிறேன். நேரில் சொல்ல மூன்று நாளாகப் போனேன். மூன்று நாளும் செந்தில் காபி கொடுத்து, அம்மாவின் காலைப் பற்றியே பேசி என் வாயை அடைத்துவிட்டார். எனவே எழுத்தில். செந்தில், அன்று அம்மாவின் கால் தவறவில்லை. நீங்கள் சொன்னது பத்தாது, நான் சொல்லவே இல்லை. பிறகு ஒரு நாள் உங்கள் காலும் தவறவில்லை. அதற்கு நான் மட்டுமே பொறுப்பு. அறுபது வருடத்தில் கமலவேணி அம்மா ஒருமுறைகூடத் தப்பாக மிதித்ததில்லை. புதிதாக எதற்கும் பழகிக்கொண்டதும் இல்லை.

அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது, வலது ஓரத்துக்கென்று நான் செய்த அந்த மிதி. காரைத் திருப்பி விட்ட அன்று, கழற்றியதை அவர் வீட்டுக் குப்பையில் போடப் போனபோது, "கண்ணு முன்னால வெச்சுக்கோங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். என் மேசையில் பில்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். வண்டியில் எதையாவது மாற்றச் சொல்லி யாராவது வந்தால், அதைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவரை நேரில் கூட்டிவரச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை நம் குழுவின் கார்கள் எல்லாம் அம்மா நினைவாக ஊரைச் சுற்றி வருகின்றன. முதல் காராக அம்மாவின் காரைத் தானே எடுப்பதாகச் செந்தில் அறிவித்திருக்கிறார். ஆறுச்சாமி அண்ணன் நேற்றே ஸ்கூட்டரையும் பூந்தொட்டிகளையும் மதிலோரத்திலிருந்து நகர்த்திவிட்டார். அவருக்கு விவரம் ஒன்றும் தெரியாது, அனுபவம்தான். செந்தில், ஷெட்டுக்குள் போவதற்கு முன்னால் இந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள்: உங்கள் அம்மாவின் காரில் நடுவில் ஓட வேண்டும், ஓரத்தில் நிற்க வேண்டும்.