காளி பூஜையன்று மறைந்த விளக்கு

காளி அம்மாவை நம்பியிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் மூச்சு விடுகிறார். இந்தச் சாதாரண விஷயத்தைச் சொல்லத்தான் எழுத வந்தேன்.

அப்போது நாங்கள் காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் குடியிருந்தோம். அவருக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. ஐப்பசியில் சாதாரணச் சளியாக ஆரம்பித்தது, நிமோனியாவாக முற்றிவிட்டது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். தீபாவளி வந்தது. நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை, அடுப்பில் வாணலி ஏற்றவில்லை. "நாளைக்குக் குழாயை எடுத்துப் பார்ப்போம். அவரே மூச்சு விட்டால்தான் உண்டு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில் வாசல் வழியாகத்தான் வீடு திரும்பினேன். உள்ளே போகவில்லை. அம்மாவோடு எனக்குச் சண்டை.

ஊரெல்லாம் அன்று காளி பூஜை. பொழுது சாயும் நேரம், கீழ்வீட்டு பௌதி என் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். பௌதி என்றால் அண்ணி. வீட்டுச் சொந்தக்காரர் என்றாலும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அங்கே ஒரு ஃபானுஷ் தயாராக இருந்தது. காற்றாடிக் காகிதத்தில் ஒட்டிய பெரிய பை, அடியில் மூங்கில் வளையம், நடுவில் ஸ்பிரிட்டில் நனைத்த துணிப்பந்து. பற்றவைத்தால் சூட்டில் உப்பி வானத்துக்குப் போய்விடும்.

கார்த்திக் மாதத்தில், அதாவது நம் ஐப்பசியில், முன்னோருக்கு வழி தெரியட்டும் என்று மூங்கில் உச்சியில் விளக்கேற்றுவது இங்கே பழைய வழக்கம். பௌத்தர்கள் பௌர்ணமியில் வானத்துக்கே விளக்கை அனுப்புவார்களாம். இது எதிலிருந்து வந்ததென்று கேட்டால், "யாரு ஆரம்பிச்சா என்ன, மேல பாக்கறதுக்கு ஒரு சாக்கு" என்பார் பௌதி.

வளையத்தை என்னிடம் கொடுத்தார். "நீயா தள்ளாதே. அது இழுக்கும், அப்ப கையை எடு" என்று வங்காள மொழியில் சொன்னார். சண்டையெல்லாம் மறந்து, அவருக்கு மூச்சைக் கொடு தாயே என்று மட்டும் கேட்டேன். காகிதம் மெல்ல உப்பியது. வளையம் விரலை இழுத்தது. விட்டேன்.

கூரைகளைத் தாண்டி, ஹவுரா பக்கமாக மிதந்து போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று சுடர் காணாமல் போயிற்று.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாமிக்கு ஏற்றிய விளக்கு தானாக அணைந்தால் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அணைந்தது என்ற வார்த்தையைக்கூட எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். பௌதிக்கு நான் ஏன் அழுகிறேன் என்றே புரியவில்லை. திக்கித் திக்கிச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பைத்தியமே. எரிஞ்சுக்கிட்டே கீழ இறங்கினாத்தான் கெடுதல், யாரு வீட்டு மேலயாவது விழும். மேல போயி மறைஞ்சா காளி மா வாங்கிக்கிட்டாள்னு அர்த்தம். எழுந்திரு, சாப்பிடு."

எனக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சாயங்காலம் பக்கத்தில் போனபோது, உடைந்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி: "எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?" இல்லை என்றேன். "அதான் மூஞ்சி இப்படி இருக்கு" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பௌதி வெளியூரில் மகனோடு இருக்கிறார். அந்த மொட்டைமாடி இன்னும் என் கனவில் வருகிறது. நாங்கள் ஹவுராவுக்குக் குடிவந்துவிட்டோம். அம்மாவோடு சண்டை போடுவதை நான் விடவில்லை, ஆனால் இப்போது உள்ளே போய்ப் போடுகிறேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் அனுப்பிய விளக்கு கண்ணுக்கு மறைந்தால், அவசரப்பட்டு அழாதீர்கள். அவள் கை எட்டும் தூரம் நம் கண்ணுக்கு எட்டாது.

காளி பூஜைக்கு இன்றும் ஃபானுஷ் விடுகிறோம். அவர்தான் வளையத்தைப் பிடிப்பார். இருமிக்கொண்டே, "விட்டுறவா?" என்று அவசரப்படுவார்.

"இன்னும் இழுக்கலையே, பிடிச்சுக்குங்க" என்பேன்.