தென்னேரி அவில்தார் போட்ட ஆர்டர்

கோர்வைப் புடவைக்கு ஒரு தறியில் ரெண்டு பேர் உட்கார வேண்டும். உடலை நெய்கிறவர் ஒருத்தர். வலப்பக்கம் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொருத்தர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உடலுக்கு என் வீட்டுக்காரர். கரைக்கு அவருடைய அண்ணி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்காவின் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஜப்பான் சண்டையின்போது ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். பர்மாப் பக்கம் ரோடு போடுகிற பட்டாளம். தம்பி திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை. காட்டு வழியாகப் பின்வாங்கி வரும்போது காணாமல் போய்விட்டார் என்று தம்பி சொன்னார். சர்க்காரும் அப்படியே சொன்னது.

காணாமல் போனவருக்குக் கருமாதி கிடையாது. அக்கா தாலியோடும் மஞ்சளோடும் இருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஆரத்தி எடுத்தது அவர்கள்தான். எங்கள் தெருவில் முகூர்த்தப் புடவைக்குப் புதுப் பாவு நூலைத் தறியில் பிணைத்தால், முதலில் ஒரு சுமங்கலி வந்து தறிக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். அதற்கு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் சிலர் முணுமுணுத்தார்களாம். அக்கா தொட்ட பாவு எதுவும் தொல்லை கொடுக்கவில்லை. பிறகு கை ராசி என்று அவர்களே சொன்னார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பு முடிந்ததும், தென்னேரியிலிருந்து ஒருத்தர் வருவார். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர். பட்டாளத்தில் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அவில்தார். ஒரு மூட்டை அரிசி இறக்கிவைப்பார். ஊரே அரிசிக்கு க்யூ நின்ற வருஷமும் அந்த மூட்டை வந்தது. அவரைக் கண்டால் என் வீட்டுக்காரர் தறிக்குழியை விட்டு ஏறி நிற்பார். அவர் போகும்வரை உட்கார மாட்டார்.

அக்கா கொடுத்தால் அவர் தண்ணி வாங்க மாட்டார். நான் கொடுத்தால் குடிப்பார்.

"அவில்தாருக்கு ஜப்பான்காரனக் கண்டா பயமில்ல. என்னக் கண்டாத்தான் பயம்" என்று அக்கா சிரிப்பார்கள்.

அவர் சிரிக்க மாட்டார். "வரேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

பாகிஸ்தான் சண்டை நடந்தபோது டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கும்பல். பால் வாங்கப் போன நான் பார்த்தேன். என் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நைனா, நீ பட்டாளத்துல இருந்தியே, எத்தினி பேர சுட்ட?"

"ரோடு போட்டேன்."

"பயந்துக்கினு ஓடியாந்துட்டியாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கிளாஸை வைத்தார்.

"ஓடல. நடந்தோம். அவில்தார் நடக்கச் சொன்னாரு, நடந்தோம். அவரு இல்லன்னா நானும் இல்ல."

டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வீட்டிலும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து அவில்தாரின் மகன் சைக்கிளில் வந்தான். "அப்பா போயிட்டாரு" என்றான். என் வீட்டுக்காரர் தென்னேரிக்குப் போனார். மறுநாள் காலையில் திரும்பினார். கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு தறிப்பக்கம் வந்தார். குழியில் இறங்கவில்லை. அக்கா தன் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

"அண்ணன் காணாமப் போகல. நாங்கதான் உட்டுட்டு வந்தோம்."

அக்கா அவரைப் பார்த்தார்கள். அவர் நின்றபடியே சொன்னார். அண்ணனுக்குக் கால் அழுகிவிட்டது. காய்ச்சல். இவர் முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இவரும் விழ ஆரம்பித்தார். எறக்குடா, ரெண்டு பேரும் சாகவா கூட்டியாந்தேன் என்று அவில்தார் தடியை ஓங்கினார். மூங்கில் புதர் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள்.

"உசுரோடயா?"

"உசுரோடதான்."

"எதுனா சொன்னாரா?"

"தம்பி, தம்பின்னு கூப்ட்டுக்கினே இருந்தாரு. நான் திரும்பல."

"ஏன் திரும்பல?"

"திரும்பிப் பாக்காதேன்னு அவில்தார் ஆர்டரு."

அக்கா கேட்டார்கள்.

"எங்கிட்ட இத்தினி வருஷம் சொல்லாதது?"

"அதுவும் ஆர்டருதான். உசுரோட உட்டுட்டு வந்தோம்னு எந்தப் பொம்பளைகிட்டயும் சொல்லக்கூடாது, காணோம்னு மட்டும் சொல்லுன்னாரு."

அக்கா கையிலிருந்த நாடாவை மடியில் வைத்துக்கொண்டார்கள். அழவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அடுப்பங்கரை வாசலில் நின்றேன்.

அவில்தாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்களை அவர்தான் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். சண்டை முடிந்தால் தலைவன் சொன்ன பேச்சும் முடிந்தது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் அது தறியில் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் அண்ணனுக்குக் கருமாதி நடந்தது. ஆற்றில் தண்ணி இல்லை. ஊற்றுத் தோண்டித்தான் எடுத்தார்கள். தம்பி மொட்டை போட்டுக்கொண்டு செய்தார். அக்காவின் கழுத்தும் நெற்றியும் வெறுமையாகின.

அடுத்த மாசம் எங்கள் தறிக்கு முகூர்த்தப் பாவு வந்தது. பிணைத்து முடித்தோம். அக்கா கூடத்துத் தூணோரம் ஒதுங்கி நின்றார்கள். என் வீட்டுக்காரர் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு அவர்கள் எதிரில் போனார்.

"நீங்களே வைங்க அண்ணி. நம்ம தறிதானே. யாரு கேக்கப் போறாங்க?"

அக்கா சிமிழைத் தொடவில்லை.

"இதுவும் அவில்தார் ஆர்டரா?" என்றார்கள்.

அவர் கை அப்படியே நின்றது. நான் போய்ச் சிமிழை வாங்கினேன். அந்தப் பாவுக்கு நான்தான் குங்குமம் வைத்தேன். பிறகு எல்லாப் பாவுக்கும் நான்தான்.

அக்கா எப்போதும்போல் தன் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நெசவு நிற்கவில்லை. கோர்வைக்கு ரெண்டு பேர் வேண்டுமே. ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் இழை அறுந்தால் "தம்பி, நிறுத்து" என்பார்கள். இப்போது நாடாவால் கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அவர் நிறுத்துவார். இழையை முடிந்துவிட்டு இன்னொரு தட்டு. அவர் நெய்வார்.

சாகும்வரை அக்கா அவரைத் தம்பி என்று கூப்பிடவில்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் அவர் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். அக்கா குனிந்து இழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.