மஞ்சள் அரிசியும் ஒரு ஐயாவும்

ஐயா என்ற சொல் நமக்கு மட்டுமே சொந்தம் என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்குச் சிரிப்பு வரும். கோலசிலாங்கூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தோட்டத்துக் கேட்டில் அவர்களை ஒரே ஒரு காலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்ததும் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு மணி அரிசிகூட வெளியே போகக் கூடாது. தேத்தண்ணி கொண்டு போகலாம், அதில் பாலும் சீனியும் இருக்கக் கூடாது. ஆண்களைப் போலீஸ்காரர் தடவிப் பார்ப்பார். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே? ஆறாம் வகுப்பு படித்தவள், மலாயும் பேசுவாள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. உண்மையைச் சொன்னால், மரத்தடியில் கொசுக்கடி படுவதைவிட எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

அங்கேதான் அந்தச் சொல்லை ரகம் ரகமாகக் கேட்டேன். கணக்கெழுதும் கிராணியை ஆட்கள் ஐயா என்றார்கள், மரியாதைக்கு. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பிள்ளைகளுக்கு ஐயா என்றால் அப்பா. சிங்களத்தில் அது அண்ணன் என்று அவரே ஒருநாள் சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். சாமான் லோரி ஓட்டி வரும் சீனருக்கோ அது ஆளே இல்லை, தலையில் கைவைத்துக்கொள்ளும்போது வரும் சத்தம். சக்கரம் சேற்றில் புதைந்தாலும் ஐயா, அவிழ்த்துக் கட்டிய மூட்டையை மறுபடி அவிழ்க்கச் சொன்னாலும் ஐயா. கேட்டில் நின்ற போலீஸ்காரர் சுங்கை புரோங்கில் நெல் விளைவிக்கும் குடும்பத்து மலாய்க்காரர். அவரைப் பார்க்க வந்த மகன் கொஞ்சம் இழுத்து, “ஆயா!” என்று கூப்பிட்டதும் பெண்கள் வரிசை கலைந்து சிரித்தார்கள். மலாயில் அது அப்பா. எங்களுக்கு ஆயா என்றால் பிள்ளைக் கொட்டகையில் குழந்தை பார்க்கிறவள். எங்கள் வேதக்கார வீட்டில் ஐயா என்றால் மாதம் ஒருமுறை சைக்கிளில் வரும் போதகர். அவர் வருகிற அன்று ஒரு கோழிக்கு ஆயுள் முடியும்.

என்னை யாரும் ஐயா, அம்மா என்றெல்லாம் அழைக்கவில்லை. அதைவிட மோசமாக ஒருத்தி என்னை “வாங்க, போங்க” என்றாள். அவள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரி, என் வயதுக்காரி, இரண்டு பிள்ளைக்காரி. சின்ன வயதிலிருந்து வாடி போடிதான். நான் கேட்டில் நின்ற முதல் நாள், “நல்லா தடவிப் பாருங்க, ஏதாச்சும் இருக்கப் போவுது” என்று கையைத் தூக்கி நின்றாள். அதிலிருந்து ஆறு மாதமாக அதே மரியாதை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒருநாள், புதிதாகத் திறந்த ரப்பர்க் காட்டில் வெட்டு ஆரம்பம். அப்படி இறங்கும்போது அங்கே மரத்தடியில் கல்லாக நிற்கும் முனிக்கு ஒரு கைப்பிடி அரிசி வைத்துவிட்டுத்தான் முதல் கத்தி வைப்பார்கள். வேலி வந்தபின் அது நின்றுபோனது. முந்தின முறை அரிசி வைக்காமல் இறங்கியதால்தான் தன் புருஷனைப் பாம்பு கடித்தது என்று அவள் நம்பினாள். அவர் பிழைத்துவிட்டார், கால்தான் இன்னும் சரியாகவில்லை.

அவள் இடுப்பில் என் கை பட்டதும் முடிச்சு தெரிந்தது. பேசாமல் விட்டிருக்கலாம். அவளோ, “என்னங்க, ஆச்சுங்களா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து செம்மண்ணில் அரிசி கொட்டியது, மஞ்சளாக.

கிராணியைப் பார்த்துக் கைகூப்பி, “ஐயா!” என்றாள் அவள். லோரிக்காரரும் “ஐயா” என்றார். என் வாயிலிருந்தும் அதே சொல் வந்தது, யாரை அழைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

அரிசியோடு பிடிபட்டவர்களைப் போலீஸ் லோரியில் ஏற்றிப் போவார்கள். சிலரைக் கப்பலேற்றி, அவர்கள் பார்த்தேயிராத ஊருக்கு அனுப்பியதாகவும் பேச்சு. அவள் பிள்ளைகள் இரண்டும் கொட்டகையில் ஆயாவிடம் இருந்தன. என் கோபத்துக்கு அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன?

“இது அரிசி இல்லீங்க ஐயா, அட்சதை. மஞ்ச போட்டுட்டா அது சாமியோடது. அத யாரு திம்பாங்க?” என்றாள். அவள் புளுகவில்லை. மஞ்சள் கலந்ததும் அது சட்டத்தைவிட்டு விலகிவிட்டது என்று மனதார நினைத்திருந்தாள். கிராணி வியர்த்துக்கொண்டே அதை ஆங்கிலத்தில் சாமி அரிசி என்றார். அதிகாரிக்கு அதில் அரிசி மட்டும்தான் காதில் விழுந்தது.

அப்போது மலாய்க்காரப் போலீஸ்காரர் குந்தி உட்கார்ந்து நாலு மணியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். “பெராஸ் குன்யிட், துவான்” என்றார். மஞ்சள் அரிசி, துரை. கல்யாணத்தில் தன் அம்மாவும் பெண் மாப்பிள்ளை மேல் இதைத்தான் தூவுவாள், தூவுகிற அரிசியை யாரும் தின்பதில்லை என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு மணியை வாயில் போட்டு மென்றார். அவள் அதில் சூடத்தையும் பொடித்துப் போட்டிருந்தது யாருக்குத் தெரியும்? மனுஷன் முகம் கோணித் துப்பிய துப்பில் லோரிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடியும் “ஐயா” என்றார், இந்த முறை மெதுவாக.

தண்டனை இல்லை. ஆனால் அரிசி கேட்டைத் தாண்டக் கூடாது, இங்கேயே கொட்டிவிட்டுப் போ என்று உத்தரவு. அவள் மண்ணிலிருந்து அள்ளிக் கேட் தூணடியில் கொஞ்சம் தூவினாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார், அவருக்கும் கொஞ்சம். மிச்சத்தை என் தலையில் எறிந்தாள். தூவவில்லை, எறிந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பத்து மணிக்கு ரப்பர்க் காட்டுக்குத் தேத்தண்ணி வாளி போகும். வழியில் யாரும் சீனி கலக்காமல் பார்க்க அதனுடன் போவதும் என் வேலை. கிளம்பும்போது கொண்டையைத் தொட்டேன், விரலில் அரிசி நெருடியது. உதறப் போன கையை இறக்கிக்கொண்டேன். சோதனைக்காரியை யார் சோதிக்கப் போகிறார்கள்? போலீஸ்காரர் என் தலையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். போனேன்.

எல்லாரும் வெட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேலை வாங்கும் மண்டோர் கத்திக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் பேசாமல் நேரே கல்லுக்கு முன்னால் போய்க் கொண்டையை அவிழ்த்து உதறினேன். ஏழெட்டு மணி விழுந்திருக்கும். அதோடு திரும்பியிருக்கலாம். வேதக்காரப் பெண் ஒரு முனிக்கு முன்னால் என்ன சொல்வது? போதகருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“ஐயா.”

பின்னால் வந்து நின்றவள், “சத்தமா சொல்லுடி. அவருக்குக் கேக்க வேணாமா?” என்றாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் ‘டி’ அது. நான் சத்தமாகச் சொன்னேன்.