மூன்று வாரக் கையெழுத்து

கல்லூரியில் அவளுக்குப் பெயர் போனக்கா. முதல்வரிலிருந்து வாசல் காவலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான்கு ஆண்பிள்ளைகளோடு பிறந்த ஒரே பெண். மூத்த இரண்டு அண்ணன்மாரும் கடல் தாண்டிப் போய் அங்கேயே குடும்பம் குட்டி என்று தங்கிவிட்டார்கள். கடைக்குட்டித் தம்பி வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தான். மிச்சம் மூன்றாவது அண்ணன், வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். போனக்காவைக் கட்டிக்கொண்டவர் ஐந்தாம் வருஷமே கண்ணை மூடியதும், அவள் ஒரு பெட்டியோடு வந்து நின்றது அந்த அண்ணன் வாசலில்தான். அவர் ‘வா’ என்றும் சொல்லவில்லை, ‘ஏன் வந்தே’ என்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டு வைத்தார். ஆயிற்று இருபத்திரண்டு வருஷம். அண்ணன் மகளைத் தூங்க வைத்ததும், பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் அத்தைதான்.

கல்லூரியில், படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி பார்த்துக் கொடுக்கும் அறையில் அவளுக்கு உத்தியோகம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு இரும்பு அலமாரி, அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த ஒரு போன். முன்பெல்லாம் அந்தப் போனில் வந்தது முக்கால்வாசி வசவுதான். ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் பெரிய லேப் ஒன்று இருந்தது. அதன் முதலாளியை எல்லோரும் லேப் ஐயா என்பார்கள்.

“ஏம்மா, உங்க பிள்ளைங்க புத்தகத்துல இருக்கிற கையில நல்லாத்தான் ஊசி குத்துதுங்க. நிஜக் கைய நீட்டினா, நோயாளிக்கு முன்னாடி இதுங்க மயங்கி விழுதுங்க!” என்று ஒருநாள் அவர் கத்தினார்.

“அப்ப நிஜக் கைய நீங்களே கொடுங்க ஐயா, பழகிக்கட்டும்” என்றாள் போனக்கா.

விளையாட்டாகச் சொன்னது வினையாகாமல் நல்லதாகவே முடிந்தது. கல்லூரியும் லேப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். கடைசி வருஷத்தில் பன்னிரண்டு வாரம் பிள்ளைகள் லேப்பில் வேலை பழக வேண்டும். ஆளுக்கொரு நோட்டு. அன்றன்று கற்ற வேலையை எழுதி, ‘தனியாகச் செய்தார்’ என்ற கட்டத்தில் லேப் சீனியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரி அதற்கு மார்க் போடும். தேறினவர்களில் வேண்டியவர்களை லேப் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

சீனியருக்குத் தலைக்குமேல் வேலை. தினமும் கையெழுத்துப் போட நேரமில்லாமல், சனிக்கிழமை சாயங்காலம் எல்லா நோட்டையும் அடுக்கி வைத்து, வாரம் முழுவதுக்கும் கடகடவென்று போட்டுத் தள்ளுவார். இது போனக்காவுக்கும் தெரியும். பிள்ளைகள்தான் ஒழுங்காகப் போகிறார்களே, குடியா முழுகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

நோட்டு என்னதான் சொன்னாலும், ஆளை எடுப்பதற்கு முன் லேப் ஐயா போனைப் போடுவார். “நோட்டு கிடக்கட்டும் போனக்கா, ஆள் எப்படி?” அவளிடம் இரண்டே பதில்தான். ஒன்று, “எடுத்துக்கோங்க.” இன்னொன்று, “இன்னும் ரெண்டு பேரைப் பாருங்க.” முதல்வரின் மைத்துனி மகனுக்கே இரண்டாவது பதிலைச் சொல்லி, ஒரு மாதம் முதல்வர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததும் உண்டு.

அண்ணன் மகளும் அதே படிப்புத்தான் படித்தாள். அந்த வருஷம் லேப்புக்குப் போனவர்கள் பதினொரு பேர். ஏழாவது வாரத் தொடக்கத்தில் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை, இரண்டு பாட்டில் ரத்தம், மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். இரவில் அண்ணி, பகலில் மகள். காலையும் மாலையும் சாப்பாட்டுத் தூக்கோடு போனக்கா. மகள் லேப்புக்குப் போன் செய்தபோது சீனியர் மனசு இளகி, “நீ அப்பாவைப் பாரும்மா, இங்க நான் பார்த்துக்கிறேன்” என்றாராம்.

பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம், நோட்டுகள் கல்லூரி முத்திரைக்காகப் போனக்கா மேசைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ஏழு, எட்டு, ஒன்பதாம் வாரங்கள்: ரத்தப் பொருத்தம் பார்த்தல். நோயாளியின் ரத்தமும் அவருக்கு ஏற்றப்போகிற ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. அந்தப் படிப்பிலேயே தப்பினால் உயிர் போகிற வேலை அதுதான். பதினெட்டு நாளுக்கும் பதினெட்டுக் கையெழுத்து இருந்தது. எட்டாம் வாரம் புதன்கிழமை, தகப்பனுடைய கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், நோட்டுப்படி ஆறு பொருத்தம் ‘தனியாகச் செய்தார்.’

போனக்காவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு பத்தோடு பதினொன்றாக அதற்கும் முத்திரையைக் குத்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரே சந்தோஷம். “இவ சம்பளம் வந்துட்டா நான் இனிமே உயரத்துல ஏற வேண்டியதில்ல” என்று கட்டிலில் கிடந்த அண்ணன் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான். மகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். கேட்டுவிடலாம் என்று போனக்கா வாயைத் திறந்து, குழம்பை நகர்த்தச் சொன்னாள். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் காலையில் போன் மணி அடித்தது.

“போனக்கா, ரத்த வங்கிப் பக்கம் ஒரு இடம் காலி. உங்க வீட்டுப் பிள்ளைய எடுக்கலாம்னு இருக்கேன். கேக்கவே வேண்டாம். ஆனா வழக்கத்தை விட முடியுதா?” லேப் ஐயா சிரித்தார். “சொல்லுங்க, எடுத்துக்கலாமா?”

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் கண்முன் நின்றது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே தொங்கிய சிவப்புப் பாட்டிலும், அதில் ஒட்டியிருந்த சீட்டும். யாரோ ஒரு பெண்பிள்ளை பொருத்தம் என்று கையெழுத்துப் போட்ட சீட்டு. அந்தப் பிள்ளையின் நோட்டை எந்தச் சனிக்கிழமை யார் பார்த்தார்களோ!

“ஐயா,” என்றாள். “பொருத்தம் பார்க்கிற மூணு வாரமும் அவ லேப்புக்கு வரல. எங்க அண்ணன்கூட ஆஸ்பத்திரில இருந்தா. நோட்டுல கையெழுத்து இருக்கு. அவ அந்த வேலைய செய்யல.”

“அப்ப மத்த பத்து பேர்?” என்றார் லேப் ஐயா.

அதுவரை அவள் அதை யோசிக்கவே இல்லை. “தெரியாதுங்க ஐயா. சீனியர் வாராவாரம் மொத்தமாத்தான் கையெழுத்துப் போடுவார்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. பதினொரு நோட்டும் செல்லாமல் போயின. எல்லோரும் அந்த மூன்று வாரத்தை மறுபடி செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தமே வேண்டாம் என்றது லேப். காலி இடம் காத்திருக்குமா? வேறு கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும் வேலையிலிருந்து சீனியரை எடுத்தார்கள்.

கல்லூரி வாசலில் ஒரு பையனின் தகப்பன் போனக்காவை மறித்துக்கொண்டார்.

“உங்க வீட்டுப் பிள்ளை வரலைன்னா உங்க வீட்டோட நிறுத்திக்க வேண்டியதுதானேம்மா? என் மகன் காய்ச்சலோட போனான். ஒருநாள் மட்டம் போடல. அவன் நோட்டு ஏன் பொய்யாகணும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

வீட்டில் அண்ணி பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே சேதி தெரிந்தது. “ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்த வாய், சொந்த வீட்டுக்குன்னு வந்தப்ப கோணிக்கிச்சு. உப்புப் போட்டுத்தான் சோறு போட்டேன், அதுல என்ன குறை வச்சேனோ!”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். “அவ எனக்காகத்தான் போகல” என்றார் சுவரிடம். “அதை நீ குத்தமாக்கிட்ட.”

பெட்டியை வாங்கி வைத்த அண்ணன். போனக்கா சாப்பாட்டுத் தட்டை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக அத்தையோடு பேச்சில்லை. போனக்கா கதவோரம் போய் நின்றாள்.

“நாளைக்குப் போறியா?”

“போகாம? மார்க் வேணுமே.”

“என் மேல கோபமா?”

“நீங்க உண்மையச் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல அத்தை. ரெண்டு நாள் அந்த நோட்டு உங்க மேசையில இருந்துச்சு. ரெண்டு ராத்திரி என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. லேப் ஐயாகிட்ட சொல்ல ஒரு நிமிஷம் பத்துச்சு. என்கிட்ட கேக்க ரெண்டு நாள் பத்தலையா? முதல்ல என்னைக் கேட்டிருந்தா, நானே போய்ச் சொல்லியிருப்பேன்ல?”

போனக்கா கேட்டேவிட்டாள்: “சொல்லியிருப்பியா?”

இஸ்திரிப் பெட்டி நின்றது. “தெரியல” என்றாள் அவள். “நீங்க கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

மறுநாள் அவள் அத்தைக்கு முன்னாலேயே கிளம்பி, வேறு பஸ்ஸில் போனாள். பதினொரு பேரில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, அடுக்களையில் தாயிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இன்னைக்கு நாலு பொருத்தம் பார்த்தேம்மா, புது சீனியர் பக்கத்துலயே நின்னாங்க. மூணு சரி. ஒண்ணுல பொருந்தாததைப் பொருந்துதுன்னு எழுதிட்டேன். பழகுற ரத்தம்தான், யாருக்கும் ஏத்தமாட்டாங்க. ஆனாலும் அதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்தேன்.”

அத்தையிடம் சொல்லவில்லை. அத்தைக்குக் கேட்கும்படி சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் போனக்கா, மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.